பழைய கண் பரிசோதனை நிலையத்தை வாங்குவதா, புதிதாகத் திறப்பதா?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் போன்ற கேரள-தமிழக எல்லையோர ஊர்களில் வயதான ஆப்டோமெட்ரிஸ்ட் (கண்ணைச் சோதித்துக் கண்ணாடிக்குப் பவர் எழுதித் தருபவர்) ஒருவர் தம் நிலையத்தை விற்கப்போகிறார் என்ற பேச்சு எழுந்தால், அது கோவையில் படித்து முடித்த இளைஞர்களின் காதுக்கு உடனே வந்துவிடும். கூடவே குழப்பமும் வரும். கேட்கிற விலையைக் கொடுத்து அதை வாங்குவதா? கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டிப் பொள்ளாச்சி சாலையில் ஓர் அறை பிடித்துப் புதிதாகத் தொடங்குவதா? பாலக்காடு நகரத்தில் பெரிய நிறுவனம் ஒன்றின் கிளையை உரிமம் எடுத்து நடத்துவதா? இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய நிலையத்தில் விலை கொடுத்து வாங்கத் தக்க பொருள் ஒன்றே ஒன்றுதான்: மீண்டும் மீண்டும் வந்துகொண்டிருக்கும் நோயாளிகள். அவர்கள் உண்மையிலேயே இருந்தால் மற்ற இரண்டு வழிகளையும்விட வாங்குவதே மேல். இல்லையென்றால் அது பழைய சாமான் விற்பனை.

விற்பவர் முதலில் காட்டுவது இயந்திரங்களை. கண்ணின் பவரைத் தானே அளக்கும் ஆட்டோ ரிஃப்ராக்டர், கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப், லென்ஸின் பவரை அளக்கும் லென்சோமீட்டர், லென்ஸ் தேய்க்கும் இயந்திரம் ஆகியவற்றுக்குச் சந்தை விலை உண்டு. செகண்ட் ஹேண்டாக விசாரித்தால் ஒரே நாளில் தெரிந்துவிடும். பவர் தெரிந்த லென்ஸ் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் லென்சோமீட்டரில் வைத்துப் பாருங்கள். சோதனையில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் லென்ஸ்கள் அடங்கிய ட்ரையல் செட்டைத் திறந்து, அடிக்கடி கைபடும் குறைந்த பவர் லென்ஸ்களில் கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இதற்கு மேல் இயந்திரங்களுக்கு நேரம் செலவிட வேண்டியதில்லை.

நேரம் செலவிட வேண்டியது நோயாளிகளின் அட்டைகளில்தான். பழைய நிலையங்களில் அவை மரப்பெட்டியில் அடுக்கியிருக்கும். சிலர் நோட்டில் எழுதி வைத்திருப்பார்கள். "பத்தாயிரம் பேர் இருக்கிறார்கள்" என்று சொல்வார்கள். அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. பெட்டியின் முன்பக்கம், நடு, பின்பக்கம் என்று உங்கள் கையாலேயே சில அட்டைகளை உருவி, ஒரு வருகைக்கும் அடுத்ததற்கும் எத்தனை ஆண்டு இடைவெளி என்று பாருங்கள். நாற்பதைத் தாண்டியவர்களின் அட்டைகளில்தான் கதை தெளிவாகத் தெரியும். வெள்ளெழுத்துக்குக் கொடுக்கும் கூடுதல் பவர் முதல் வருகையில் +1.00, சில ஆண்டு கழித்து +1.50, பிறகு +2.00, அறுபதை நெருங்கும்போது +2.50 என்று ஒரே அட்டையில் படிப்படியாக ஏறியிருந்தால், அந்த மனிதர் இருபது ஆண்டாக வேறெங்கும் போகவில்லை என்று பொருள். அதன் கீழே அவருடைய மகளின் பெயரும் பேரனின் பெயரும் இணைத்து எழுதப்பட்டிருந்தால், அந்தக் குடும்பத்துக்குப் பணம் கொடுக்கலாம். ஒரே ஒரு வருகை, ஒரே ஒரு பவர், பிறகு வெற்றிடம் என்று இருக்கும் அட்டைகளை மதிப்பில் சேர்க்காதீர்கள்.

அடுத்தது கணக்கு. ரொக்க விற்பனை நோட்டை எப்படியும் எழுதலாம். லென்ஸ் அனுப்பும் லேப் மாதந்தோறும் போடும் பில்லை அப்படி எழுத முடியாது. எத்தனை ஜோடி லென்ஸ் வந்தது, அதில் இரட்டைப் பவர் கொண்ட பைஃபோகல் எத்தனை, கோடில்லாமல் பவர் மாறும் புரோகிரசிவ் எத்தனை, பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பி மறுபடி செய்தவை எத்தனை என்று எல்லாம் அதில் இருக்கும். மூன்று ஆண்டு பில்களைக் கேட்டு வாங்கி, ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் விற்பவர் சொல்லும் வருமானத்தை நம்பலாம். பில்களைக் காட்டத் தயங்குகிறவரிடம் விலை பேசுவதே வீண்.

வருமானத்திலிருந்து விலைக்கு வரும்போது பலர் தடுமாறுகிறார்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். செலவெல்லாம் போக மாதம் 90,000 ரூபாய் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது முழுவதும் லாபம் அல்ல. காலை முதல் இரவு வரை கண் பார்க்கும் உங்கள் உழைப்புக்கு வேறொரு மருத்துவமனை 40,000 சம்பளம் தரும் என்றால், நிலையம் ஈட்டித் தருவது 50,000, அதாவது ஆண்டுக்கு 6 லட்சம்தான். குட்வில்லுக்கு, அதாவது நிலையத்தின் பெயருக்கும் வாடிக்கைக்கும், எத்தனை ஆண்டு லாபத்தைக் கொடுக்கலாம் என்ற பேரம் இந்த 6 லட்சத்தை வைத்து நடக்க வேண்டும். 90,000-ஐ வைத்துப் பேசினால் உங்கள் சம்பளத்தையே நீங்கள் விலை கொடுத்து வாங்குகிறீர்கள். பிரேம் சரக்கையும் எம்ஆர்பியில் எண்ணவிடாதீர்கள். மூக்குப் பட்டை மஞ்சளாகி, கீல்களில் பச்சை படிந்த பிரேம்களை யாரும் வாங்கப்போவதில்லை. பிரேம், லென்ஸ் மீதான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டதால், அதற்கு முன் விலை ஒட்டிய சரக்கை இன்றைய கொள்முதல் விலையோடு வைத்துப் பார்த்தே மதிப்பிட வேண்டும்.

வாங்குவதில் உள்ள ஆபத்துகளை மறைக்கக் கூடாது. தொழிலை மாற்றிக் கொடுக்கும்போது, அதற்கு முந்தைய ஜிஎஸ்டி பாக்கிக்கு வாங்குபவரும் விற்பவரும் சேர்ந்தே பொறுப்பு என்று மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 85-ஆவது பிரிவு சொல்கிறது. பாக்கி பின்னால் கண்டுபிடிக்கப்பட்டாலும் பொறுப்பு போகாது. அதனால் தொகையில் ஒரு பகுதியையாவது கையில் நிறுத்திக்கொள்ள வேண்டும். குட்வில்லுக்குக் கொடுக்கும் பணத்துக்கு 2021-க்குப் பிறகு வருமான வரியில் தேய்மானக் கழிவு கிடையாது, இயந்திரங்களுக்கு உண்டு. ஆகவே எதற்கு எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் தனித்தனியாக எழுதுங்கள். இடம் வாடகை என்றால் இன்னும் கவனம் வேண்டும். கேரளத்தின் 1965-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, உரிமையாளரின் சம்மதமின்றி வாடகை உரிமையை இன்னொருவருக்கு மாற்றினால், ஒப்பந்தத்தில் அதற்கு இடமில்லாத நிலையில், அதுவே காலி செய்யச் சொல்வதற்குக் காரணமாகிவிடும். விற்பவர் முப்பது ஆண்டாக அங்கே இருந்தார் என்பது உங்களுக்கு எந்த உரிமையும் தராது. கட்டட உரிமையாளரோடு உங்கள் பெயரில் புதிய ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை ஒரு ரூபாயும் கை மாறக் கூடாது.

எல்லையோர ஊர்களுக்கே உரிய இன்னொரு விஷயம் இருக்கிறது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தங்களைச் செல்லாதவை என்கிறது. ஆனால் குட்வில்லை விற்றவர் குறிப்பிட்ட எல்லைக்குள் அதே தொழிலைச் செய்யக் கூடாது என்று எழுதிக்கொள்ள விலக்கு தருகிறது. எல்லை நியாயமானதாக இருக்க வேண்டும். இங்கே பலரும் "பாலக்காடு மாவட்டத்துக்குள்" என்று எழுதிவிடுவார்கள். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் தமிழ்நாடு வந்துவிடும். விற்றவர் அங்கே ஒரு பலகை மாட்டினால் உங்கள் நோயாளிகளில் பாதிப்பேர் அவரிடம் போய்விடுவார்கள், உங்கள் ஒப்பந்தமும் அவரைத் தொடாது. மாவட்டத்தின் பெயரை விட்டுவிட்டு, நிலையத்திலிருந்து இத்தனை கிலோமீட்டர் என்று எழுதச் சொல்லுங்கள். நிலையத்தில் வேலை செய்யும், கண்ணாடி பொருத்தித் தரும் பிட்டரை இதே முறையில் கட்டிப்போட முடியாது. வேலையை விட்டபின் போட்டியாகத் தொடங்கக் கூடாது என்று ஊழியரிடம் எழுதி வாங்குவது இந்தச் சட்டத்தின் முன் நிற்காது. அவரை நல்ல சம்பளத்தாலும் மரியாதையாலும்தான் தக்கவைக்க முடியும். பல வீடுகளில் அவர்தான் "நம்ம கண்ணாடிக்கார அண்ணன்".

புதிதாகத் தொடங்குவதன் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. பழைய பாக்கியில்லை, தேங்கிய சரக்கில்லை, இயந்திரங்கள் உங்கள் விருப்பப்படி. வங்கியும் இயந்திரம் வாங்கக் கடன் கொடுப்பதில் காட்டும் ஆர்வத்தைக் குட்வில்லுக்குக் காட்டாது. சிறு தொழில்களுக்கான அரசின் முத்ரா கடன் திட்டத்தின் தருண் பிரிவில் 10 லட்சம் வரை கேட்கலாம். ஆனால் கோவை பக்கத்திலேயே இருக்கிறது. அரவிந்த், சங்கரா போன்ற கண் மருத்துவமனைகளுக்குப் பஸ் ஏறிப் போய்ப் பழகிய மக்கள் இவர்கள். புரை அறுவை சிகிச்சை முடிந்து கையில் சீட்டோடு வரும் பெரியவர், தெரிந்த முகத்திடம்தான் கண்ணாடி போடுவார். அந்த முகமாக நீங்கள் மாறும்வரை வாடகையும் கடன் தவணையும் சேமிப்பிலிருந்தே போகும். இரண்டு ஆண்டுச் செலவைத் தாங்கும் சேமிப்பு இருப்பவர்கள் மட்டும் இந்த வழியை நினைக்கலாம். நான்காண்டு ஆப்டோமெட்ரி படித்தவர்கள் சோதனை நேரத்தைக் குறைக்காமல், குழந்தைகளின் கிட்டப்பார்வையையும் சர்க்கரை நோயாளிகளின் விழித்திரையையும் கவனித்து, தேவைப்பட்டால் உடனே கோவைக்கு அனுப்பிவைத்தால் பெயர் மெதுவாகத்தான் வரும், ஆனால் வரும்.

பெரிய நிறுவனத்தின் கிளையை எடுப்பதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. கண்ணாடிக் கடைத் தொடரான டைட்டன் ஐபிளஸ் 2007-இல் வந்தது. லென்ஸ்கார்ட் இன்று சிறு நகரங்கள் வரை பரவிவிட்டது. பெயரைப் பார்த்துக் கூட்டம் வரும், விளம்பரமும் சரக்கும் அவர்கள் பொறுப்பு. நகரத்தில் முதலீட்டாளராக மட்டும் இருக்க விரும்புகிறவருக்கு இது சரி. கண் பார்க்கத் தெரிந்தவர் ஒப்பந்தத்தில் ஒரே ஒரு பத்தியைத் தேடிப் படிக்க வேண்டும்: கிளை மூடப்பட்டால் நோயாளிகளின் விவரம் யாருக்குச் சொந்தம்? நிறுவனத்துக்கு என்று இருந்தால், பத்தாண்டு உழைத்தபின் உங்களிடம் விற்பதற்கும் எதுவும் மிஞ்சாது. கொழிஞ்சாம்பாறைக்காரரிடம் விற்க ஒரு பெட்டி அட்டையாவது இருக்கிறது.

வாங்குவது என்று முடிவானால், கை மாறும் மாதத்தை யோசியுங்கள். ஜூனில் கேரளத்துப் பள்ளிகள் திறக்கின்றன, பிறகு ஓணம், அதன்பின் எல்லைக்கு இருபுறமும் தீபாவளி. இந்த மாதங்களில் பழையவர்கள் அதிகம் வருவார்கள். ஏப்ரலில் நீங்கள் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள்; விற்றவர் ஓணம் வரை வாரம் இரண்டு நாளாவது உங்களோடு சோதனை அறையில் உட்கார வேண்டும் என்று எழுதுங்கள். தமிழ் எழுத்துப் பலகையை யாருக்கு மாட்ட வேண்டும், மலையாளப் பலகையை யாருக்கு, எழுத்தே தெரியாதவருக்கு ஆங்கில 'E' வடிவப் பலகையை எப்போது எடுக்க வேண்டும் என்பது அவருக்கு ஆள் உள்ளே நுழையும்போதே தெரியும். அவர் "இனிமேல் தம்பி பார்ப்பார்" என்று உங்கள் முன்னிலையில் சொல்ல வேண்டும். நிறுத்திவைத்த கடைசித் தவணையை அதற்குப் பிறகு கொடுங்கள்.