மவுஸ் வாங்கினால் முதலில் சக்கரத்தை உருட்டிப் பாருங்கள்: லாஜிடெக் எம்எக்ஸ் மாஸ்டர் 3எஸ்

மவுஸ் விளம்பரம் எதை எடுத்தாலும் உணர்திறனைச் சொல்லும் டிபிஐ எண்தான் பெரிதாக இருக்கும், சக்கரத்தைப் பற்றிப் பேச்சே இருக்காது. நாள் முழுக்க எக்செல்லில் கணக்கு பார்க்கிறவர்களைக் கேளுங்கள், முதலில் உயிரை எடுப்பது அந்தச் சக்கரம்தான். முன்பு நான் வைத்திருந்த மவுஸில் கீழே உருட்டினால் பக்கம் மேலே குதிக்கும். ஊதினால், துடைத்தால் கொஞ்ச நாள் ஒழுங்காக இருக்கும், அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி.

கோளாறு உள்ளே இருக்கும் என்கோடரில், அதாவது சக்கரம் எந்தப் பக்கம், எவ்வளவு சுற்றுகிறது என்று கணக்கிடும் சிறு பாகத்தில். விலை குறைந்த மவுஸ்களில் பெரும்பாலும் மெக்கானிக்கல் வகைதான் வரும். சக்கரம் சுற்றச் சுற்ற உலோகத் தகடுகள் உரசி இரண்டு சிக்னல் கொடுக்கும், அதில் எது முந்துகிறது என்பதை வைத்துத்தான் மேலா கீழா என்பது முடிவாகும். தகடு தேய்ந்தாலோ தூசி புகுந்தாலோ அந்த வரிசை குழம்பிவிடும். நம்மூர்ப் புழுக்கத்தில் உலோகம் கறுப்பதைச் சொல்லவே வேண்டாம். ஆப்டிகல் வகையில் ஒளிக்கதிரை மறைத்து மறைத்து எண்ணுவதால் உரசலே கிடையாது.

உருட்டும்போது விரலில் படுகிற அந்த ‘டக் டக்’கும் பல மவுஸ்களில் ஒரு ஸ்பிரிங்கின் வேலைதான், நாளாக ஆக அது தளர்ந்துவிடும். 2019இல் எம்எக்ஸ் மாஸ்டர் 3உடன் வந்த மேக்ஸ்பீட் சக்கரத்தில் அதைக் காந்தம் செய்கிறது. 2022இல் வந்த 3எஸ்ஸிலும் அதே சக்கரம்தான். மெதுவாக உருட்டினால் வரி வரியாக நிற்கிறது, வேகமாகச் சுண்டிவிட்டால் பிடி விட்டுச் சுழல்கிறது. நொடிக்கு 1000 வரி என்கிறது நிறுவனம், அளந்து பார்க்கவில்லை, ஆனால் ஆண்டுக் கணக்குக் கோப்பின் அடிக்கு ஒரே சுண்டில் போய்விடுகிறேன். சக்கரம் எஃகு என்பதால் பழைய ரப்பர் வளையம் போலப் பிசுபிசுக்கவும் இல்லை. இதுவரை ஒரு தடவைகூட மேலே குதிக்கவில்லை.

சிங்கப்பூரின் மின்னணுப் பொருள் கடைத்தொகுதியான சிம் லிம் ஸ்குவேரில் இந்த 3எஸ்ஸை வாங்கினேன், கடைக்கார அண்ணன் பெட்டியைப் பிரித்து உருட்டிப் பார்க்க விட்டார். விலை அதிகம்தான். எடை 141 கிராம், விளையாட்டுக்காகத் தேடுகிறவர்களுக்குக் கனமாகத் தெரியும். வடிவம் வலது கைக்கு மட்டும், இடது கைக்காரர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

இருக்கிற மவுஸை விட மனமில்லை, சோல்டரிங்கும் தெரியும் என்றால் என்கோடரை மட்டும் மாற்றிவிடலாம். வாங்கும் முன் அதன் உயரத்தை மில்லிமீட்டர் கணக்கில் சரியாகப் பாருங்கள், கொஞ்சம் கூடினாலோ குறைந்தாலோ சக்கரம் இடத்தில் உட்காராது.