கடினமான பகுதிகளைக் கடந்துபோகாத ஒரு விவிலிய வகுப்பு

கானான் நகர்களின் மக்களையெல்லாம் கடவுளின் கட்டளைப்படி யோசுவா கொன்றழித்ததாகக் கூறும் யோசுவா நூலின் 10-ஆம் அதிகாரத்தை ஒருமுறை முழுவதுமாக வாசித்தவருக்கு, இயேசு 'தந்தை' என்று அழைத்த கடவுளும் இந்தக் கடவுளும் ஒருவர்தாமா என்ற கேள்வி எழாமல் இருக்காது. எனக்கு அது பல ஆண்டுகளாக இருந்தது. யாரிடம் கேட்டாலும் 'விசுவாசத்தோடு வாசியுங்கள்' என்ற பதிலே கிடைத்தது. விசுவாசத்தோடு வாசிப்பதால்தான் அந்தக் கேள்வியே எழுகிறது என்பதை அவர்களுக்குச் சொல்லத் தெரியாமல் நின்றிருக்கிறேன். விவிலியத்தின் கடினமான பகுதிகளைக் கத்தோலிக்க இறையியலின் ஒளியில் வாசிக்கக் கற்றுத்தரும் ஓர் இணையவழி வகுப்பில் சேர்ந்ததற்கு அதுவே காரணம். வாரம் ஒன்றாகப் பத்துப் பாடங்கள், ஒவ்வொன்றின் முடிவிலும் அரை மணி நேரம் கேள்வி பதில், கூடவே ஒரு கையேடு என்பது அதன் அமைப்பு. பத்தையும் முடித்து, சிலவற்றை மறுமுறையும் கேட்ட பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

முதல் இரண்டு பாடங்கள் அடித்தளம் போடுபவை. இலக்கிய வகைகளை ஆராயுமாறு விவிலிய அறிஞரை ஊக்குவித்த திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸின் 1943-ஆம் ஆண்டுச் சுற்றுமடலும், உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18 அன்று வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏடும் இவற்றில் விளக்கப்படுகின்றன. அந்த ஏட்டின் 12-ஆம் எண் இரண்டு கடமைகளைச் சேர்த்தே சொல்கிறது. எழுதிய மனிதர் எந்தச் சூழலில், எந்த இலக்கிய வடிவில், என்ன சொல்லக் கருதினார் என்று தேட வேண்டும். அதே வேளையில் முழு விவிலியத்தின் ஒருமையையும், திருச்சபையின் உயிருள்ள மரபையும், நம்பிக்கையின் உண்மைகள் ஒன்றோடொன்று இயைந்திருப்பதையும் மறவாமல் வாசிக்க வேண்டும். முதல் கடமையை மட்டும் பிடித்துக்கொண்டால் விவிலியம் தொல்பொருளாகிவிடும்; இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டால் நாம் விரும்பியதையெல்லாம் அதன் வாயில் திணித்துவிடுவோம். இந்த வகுப்பின் பலமெல்லாம், இவ்விரண்டில் எதையும் கைவிடாமல் நடப்பதில்தான் இருக்கிறது.

மூன்றாம் பாடத்துக்காகவே இந்த வகுப்பில் சேரலாம். யோசுவா கானான் நாட்டில் உயிருள்ள எதையும் விட்டுவைக்கவில்லை என்று கூறும் பகுதியை, வகுப்பை நடத்திய பேராசிரியர் மெதுவாக, ஒரு சொல்லையும் மழுப்பாமல் வாசித்தார். பிறகு நீதித் தலைவர்கள் நூலின் முதல் அதிகாரத்தைத் திறக்கச் சொன்னார். யோசுவா அடியோடு அழித்ததாகச் சொல்லப்பட்ட எபிரோனிலும் தெபீரிலும் அங்கே மீண்டும் போர் நடக்கிறது. நகருக்கு நகர், கானானியர் தொடர்ந்து குடியிருந்ததாகப் பட்டியல் நீள்கிறது. இரண்டு நூல்களையும் அடுத்தடுத்து வைத்தவர்களுக்கு இந்த முரண் தெரியாமல் இருந்திருக்காது. அடுத்து அவர் காட்டியது, 1868-இல் திபான் என்ற இடத்தில் வெளிச்சத்துக்கு வந்த, இஸ்ரயேலின் அண்டை நாடான மோவாபின் அரசன் மேசாவின் கல்வெட்டு. கி.மு. 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தக் கல்லில், தான் கைப்பற்றிய நகரின் மக்களைத் தன் தெய்வத்துக்கென அழிவுக்கு நேர்ந்து கொன்றதாக அந்த அரசன் பெருமை பேசுகிறான். எபிரேய விவிலியம் பயன்படுத்தும் 'ஹேரம்' என்ற அதே வேர்ச்சொல் அங்கேயும் வருகிறது. இஸ்ரயேல் என்றென்றைக்குமாக அழிந்துபோயிற்று என்றும் அக்கல் அறிவிக்கிறது. இஸ்ரயேலோ அதன் பிறகும் வாழ்ந்தது. வெற்றியை முற்றழிவாகப் பாடுவது அக்காலப் போர்க்குறிப்புகளின் மொழி என்பது அப்போது எனக்குக் கண்கூடாயிற்று.

இதைச் சொல்லிச் சிக்கலைத் தீர்த்துவிட்டதாக அவர் கைகழுவியிருந்தால் என் மதிப்பு பாதியாகக் குறைந்திருக்கும். மிகைமொழி என்றே வைத்துக்கொண்டாலும், அத்தகைய அழிவைக் கடவுளின் கட்டளையாக இணைச்சட்ட நூல் சொல்கிறதே என்ற கேள்வி நிற்கிறது என்று அவரே எழுப்பினார். பழைய ஏற்பாட்டு நூல்கள் நிறைவற்றவையும் அக்காலத்துக்கு மட்டும் உரியவையுமான சிலவற்றைக் கொண்டிருந்தாலும், கடவுள் மனிதரைப் பயிற்றுவிக்கும் முறையை அவை காட்டுகின்றன என்ற சங்க ஏட்டின் 15-ஆம் எண்ணையும், கடவுளின் திட்டம் படிப்படியாகவே வெளிப்பட்டது என்று திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2010-இல் எழுதியதையும் விளக்கினார். இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் என்ற போதகர் பழைய ஏற்பாட்டையே தூக்கி எறிந்தபோது திருச்சபை அதை மறுத்தது என்பதையும் சேர்த்துச் சொன்னார். எனக்கு இதில் முழு நிறைவு கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேள்வியை மறைக்காமல், அதோடு எப்படி நிற்பது என்று ஒருவர் காட்டியது இதுவே முதல்முறை.

திருப்பாடல் 137 பற்றிய பாடமும் அதே தரத்தில் இருந்தது. குழந்தைகளைப் பாறையில் மோதுபவர் பேறுபெற்றவர் என்று முடியும் அந்தப் பாடலில், புனித அகுஸ்தீன் குழந்தைகளைத் தீய ஆசைகளின் இளம் முளைகளாகவும், பாறையைக் கிறிஸ்துவாகவும் கண்டார். அழகான விளக்கம்தான், எனினும் பேராசிரியர் நேரே அங்கே தாவவில்லை. எருசலேம் தரைமட்டமானதைக் கண்ணால் கண்டு, தம் பிள்ளைகளைப் பறிகொடுத்து, பாபிலோனின் ஆற்றங்கரையில் அமர்ந்து அழுதவர்களின் குரலை முதலில் கேட்க வைத்தார். மற்றப் பொருள்கள் அனைத்தும் சொற்பொருளையே அடித்தளமாகக் கொண்டவை என்ற புனித தாமஸ் அக்குவினாவின் கொள்கை இங்கே வெறும் கோட்பாடாக நிற்கவில்லை. 58, 83, 109 ஆகிய மூன்று திருப்பாடல்களும், 137-இன் கடைசி வசனங்களும் திருச்சபையின் அன்றாட மன்றாட்டு நூலான இன்றைய திருப்புகழ்மாலையில் இடம்பெறாதது பற்றியும் அவர் பேசினார். இப்பாடல்களை வேண்டுவதில் உள்ள இடர்ப்பாட்டைத் திருச்சபையே ஒப்புக்கொள்கிறது என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது.

புதிய ஏற்பாட்டுப் பாடங்களில் லூக்கா 14:26 தனித்து நின்றது. நம் பொது மொழிபெயர்ப்பில் அது தந்தையையும் தாயையும் 'என்னைவிட மேலாகக் கருதினால்' என்று வருவதால், தமிழில் மட்டும் வாசிப்பவருக்குக் கடினமே தெரியாது. கிரேக்க மூலத்தில் இருப்பது 'வெறுத்தல்' என்ற சொல். லேயாவைவிட ராகேலை யாக்கோபு மிகுதியாக நேசித்தார் என்று கூறும் தொடக்க நூல், அடுத்த வசனத்திலேயே லேயா வெறுக்கப்பட்டதாகச் சொல்வதைக் காட்டி, ஒருவரை அடுத்த இடத்தில் வைப்பதை 'வெறுத்தல்' என்று சொல்லும் எபிரேய மொழி மரபை அவர் விளக்கினார். மொழிபெயர்ப்பாளர் பொருளைச் சரியாகவே பிடித்திருக்கிறார். ஆனால் கேட்டவர்களை அதிரவைத்த அந்தச் சொல்லின் கூர்மை நம்மை வந்தடையவில்லை. மரியா மகனைப் பெற்றெடுக்கும்வரை யோசேப்பு அவரோடு கூடி வாழவில்லை என்னும் மத்தேயு 1:25-இல் வரும் 'வரை' என்ற சொல்லும், இயேசுவின் 'சகோதரர்' யார் என்ற கேள்வியும் அளவோடு, தெளிவாகக் கையாளப்பட்டன.

குறைகளும் உண்டு. புதிய ஏற்பாட்டுத் திருமுகங்களில் யாக்கோபும் பவுலும் ஏற்புடைமை பற்றி, அதாவது மனிதர் கடவுள் முன் நீதியுள்ளவராக ஏற்கப்படுவது பற்றிச் சொல்வதை ஒப்பிடும் பாடம் அவசரமாக முடிந்தது. கத்தோலிக்கரும் லூத்தரன் சபையினரும் 1999-இல் கையெழுத்திட்ட கூட்டு அறிக்கைக்கு ஐந்து நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. இயேசுவின் விசாரணையில் மக்கள் கூட்டம் சொன்ன 'இவனது இரத்தப்பழி எங்கள்மேல்' என்ற மத்தேயு 27:25, வரலாற்றில் யூதர்களுக்கு இழைத்த கொடுமையை எண்ணினால், ஒரு முழுப் பாடத்துக்கு உரியது; கடைசி வாரத்தில் கால் மணி நேரத்தில் அடங்கிவிட்டது.

என்னை உண்மையில் வருத்தியது ஆறாம் வாரத்துக் கேள்வி நேரம். தாவீது செய்த பாவத்துக்காக அவருடைய குழந்தை இறந்ததாகக் கூறும் 2 சாமுவேல் 12-ஆம் அதிகாரத்தைப் பற்றி ஒரு தாய் கேட்டார். தம் குழந்தையை அடக்கம் செய்தவர் அவர் என்பது அவர் குரலிலேயே தெரிந்தது. அன்று பேராசிரியர் வரவில்லை. அவருக்குப் பதிலாக வந்தவர் மறைக்கல்வி நூலின் எண்கள் மூன்றைக் கூறிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். தந்தையின் பாவத்தை மகன் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18 மறுத்துரைப்பதை அவருக்குச் சொல்லியிருக்கலாம். பார்வையற்றவராய்ப் பிறந்தவரைக் காட்டி 'யார் செய்த பாவம்?' என்று சீடர்கள் கேட்டபோது, அவரும் அல்ல, அவருடைய பெற்றோரும் அல்ல என்று இயேசு சொன்னதை வாசித்துக் காட்டியிருக்கலாம். முழு விவிலியத்தின் ஒருமையோடு வாசிப்பது என்று இரண்டு வாரம் கற்பித்தவர்கள், அந்த ஒருமை ஒரு மனிதருக்கு மிகவும் தேவைப்பட்ட நேரத்தில் அதைக் கையில் எடுக்கவில்லை. அந்தத் தாய் அதற்குப் பிறகு எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

இதை அமைப்பாளர்களுக்கு எழுதினேன். அடுத்த சுற்றில் அந்த அதிகாரத்துக்கென்று தனிப் பாடம் வைப்பதாகவும், கேள்வி நேரத்தில் பேராசிரியரே இருப்பார் என்றும் பதில் வந்தது. மறைக்கல்வி ஆசிரியர்களும் பங்கின் சிறு குழுக்களான அன்பியங்களில் விவிலியம் பகிர்பவர்களும் தயங்காமல் சேரலாம். இறப்பின் துயரோடு விடை தேடி வருபவர்கள், அந்தத் தனிப் பாடம் சேர்க்கப்பட்டதா என்று கேட்டறிந்த பிறகு பதிவு செய்துகொள்ளுங்கள்.