முதலில் எங்கே போவது: ஸ்டேஷனா, ஆப்பா, கோர்ட்டா?

குன்னூர் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு பெண். பழைய காதலன் அவளுடைய அந்தரங்கப் படத்தைப் போலிக் கணக்கு ஒன்றில் போட்டுவிட்டான். மறுநாள் காலை ஸ்டேஷன் வாசல் வரை போனவள் அப்படியே திரும்பிவிட்டாள். உள்ளே இருந்த ரைட்டர் அவள் சித்தப்பாவோடு தினமும் டீ குடிப்பவர். மலையில் ஊர் சின்னது. அவள் பயந்ததில் தப்பில்லை.

வேகம் என்று பார்த்தால் ஆப்பில் புகார் செய்வதுதான். இப்படிப்பட்ட படங்களைப் புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2021 ஐடி விதிகள் சொல்லின. அவளுக்குக் கை நடுங்கினால் அக்காவே அவள் சார்பில் புகார் தரலாம். 18 வயது நிரம்பியவர்களுக்கு ஸ்டாப்என்சிஐஐ என்ற தளமும் உண்டு. படம் நம் போனை விட்டு வெளியே போகாது, படத்திலிருந்து கணக்கிட்டெடுத்த, கைரேகை மாதிரியான ஓர் எண் அடையாளம் மட்டும் போகும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்றவை அதை வைத்து மறுபடி ஏறாமல் தடுக்கப் பார்க்கும். ஆனால் போனிலிருந்து போனுக்குப் போவதை இது நிறுத்தாது. அவன் போனில் இருப்பதும் அப்படியே இருக்கும். அதனால் போலீஸுக்கும் போக வேண்டிவரும்; அங்கே காட்ட, நீக்கச் சொல்வதற்கு முன்பே லிங்க், கணக்கின் பெயர், தேதி எல்லாம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். இதைத்தான் நிறையப் பேர் பதற்றத்தில் விட்டுவிடுகிறார்கள்.

அவனுடைய போனைப் பறிமுதல் செய்யப் போலீஸால்தான் முடியும். "நீயே எடுக்க விட்டாயே" என்று யாராவது கேட்டால் கூனிக் குறுக வேண்டாம். எடுக்கச் சம்மதித்திருந்தாலும் பரப்பச் சம்மதிக்காதபோது பரப்பினால் குற்றம் என்று, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆவது பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது: முதல் தடவைக்கே 1 முதல் 3 ஆண்டு சிறை. பாலியல் செயல் உள்ள படமென்றால் ஐடி சட்டம் 67ஏ பிரிவில் 5 ஆண்டு வரை. 77 பெண்களுக்கானது, ஆண்கள் பாதிக்கப்பட்டால் ஐடி சட்டத்தின் 66இ பிரிவு இருக்கிறது. ஊர் ஸ்டேஷன்தான் தயக்கம் என்றால் சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் பதிவு செய்கிற ஜீரோ எஃப்ஐஆரை எந்த ஸ்டேஷனிலும் போடலாம்.

கோர்ட் மெதுவானது, ஆனால் தளம் அசைந்து கொடுக்காதபோது வேறு வழியில்லை. 2025 ஜூலையில் ஒரு பெண் வக்கீலின் வழக்கில், படங்களை 48 மணி நேரத்தில் அகற்றச் சென்னை உயர் நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. நீலகிரிக்காரர்கள் சென்னைக்குப் போக வேண்டும், கொடைக்கானல்காரர்களுக்கு மதுரைக் கிளை. செலவை நினைத்து ஒதுங்க வேண்டாம்: பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும், 15100-க்குக் கூப்பிடலாம்.

என்னைக் கேட்டால் முதல் ராத்திரி ஸ்கிரீன்ஷாட்டும் ஆப் புகாரும், இரண்டொரு நாளில் போலீஸ். அவளும் மூன்றாம் நாள் அக்காவோடு கோவை பஸ் ஏறினாள், ஸ்கிரீன்ஷாட் பிரிண்ட்டுகளைப் பையில் துப்பட்டாவுக்குள் சுற்றி வைத்துக்கொண்டு.