வெள்ளைக் கல் வாங்கப் போகிறவர்கள் ஒரு எலுமிச்சம்பழம் கொண்டுபோங்கள்

கோத்தகிரியில் எங்கள் வீட்டு வாசலில் 12 அடிக்கு 3 அடி பூப்பாத்தி ஒன்று உண்டு. அம்மா வைத்த ஹைட்ரேஞ்சியா, அசேலியா. இப்போது முழங்கால் வலியால் அம்மாவால் குனிந்து களை எடுக்க முடிவதில்லை. கிக்குயு புல்லோ ஒரு மழைக்கு விட்டால் போதும், பாத்தியை மூடிவிடும். சரி, கல் பரப்பி ஓரம் கட்டிவிடலாம் என்று போன வருடம் பிப்ரவரியில் ஒருவரை வரச் சொன்னோம்.

"ஒரு தடவை போட்டுட்டா பத்து வருஷத்துக்குத் திரும்பியே பார்க்க வேண்டாம்மா" என்றார். 3 அங்குலத்துக்குக் கூழாங்கல், அடியில் தண்ணீர் இறங்கும் துணி விரிப்பு, ஓரத்துக்கு அரையடி புதைத்த கருங்கல். 22,000 ரூபாய் என்று பேச்சு.

வேலை நடந்த அன்று நான் வீட்டில் இல்லை. மாலையில் வந்து பார்த்தால் வெள்ளை வெளேரென்று சில்லுக் கல். அம்மாவுக்குப் பிடித்திருந்தது, மீதிப் பணத்தையும் கொடுத்துவிட்டேன். மறுநாள்தான் கொல்லையில் கிடந்த காலிச் சாக்குகளை எண்ணினேன். பில்லில் 10 மூட்டை, சாக்கு 4. கல்லுக்குள் விரலை விட்டேன். முதல் கணு மறைவதற்குள் பாலிதீன் ஷீட் தட்டுப்பட்டது. போன் செய்தால், "கல் அமுங்கியிருக்கும்" என்றார். அப்புறம் போனையே எடுக்கவில்லை.

ஐப்பசி மழையில் மீதியும் தெரிந்தது. தண்ணீர் மண்ணில் இறங்க வழியில்லாமல் ஷீட் மேலேயே சரிந்து, பாதிக் கல்லை ரோட்டுக்கு இழுத்துப் போய்விட்டது. ஓரத்தில் கருங்கல்லே இல்லை. செங்கல்லை மண்மேல் நிறுத்தி சிமென்ட் பூசியிருந்தார்கள், எல்லாம் சாய்ந்துவிட்டன.

காசு போனதைக்கூட மறந்துவிடுவேன். செடிக்குச் செய்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை. எங்கள் மண் புளிப்பு மண், அதனால்தான் ஹைட்ரேஞ்சியா இங்கே அவ்வளவு நீலமாகப் பூக்கிறது. இந்த வருடம் வெளிறிய ரோஸ் நிறத்தில் பூத்தது. அசேலியாவின் புது இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றன. நர்சரி வைத்திருக்கும் பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு கல்லை எடுத்து எலுமிச்சம்பழம் பிழிந்தார். பொடிப்பொடியாக நுரைத்தது. மார்பிள் சில்லு. மார்பிள் என்றால் சுண்ணாம்பு, மழையில் கரைந்து மண்ணின் புளிப்பை முறித்துவிடும். சிமென்ட் பூச்சும் அதே வேலையைத்தான் செய்கிறது. நம் மலைக் கருங்கல்லில் சாறு பிழிந்தால் எதுவும் ஆகாது.

இறக்கும்போதே ஒரு கல்லில் பிழிந்து பாருங்கள். நுரைத்தால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள். விரிப்பு எதுவானாலும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, கீழே இறங்குகிறதா என்று பார்த்த பிறகு கல்லைக் கொட்டச் சொல்லுங்கள். சாக்கை எண்ணாமல் கடைசிப் பணம் கொடுக்காதீர்கள்.

நாங்கள் எல்லாவற்றையும் அள்ளிவிட்டு, மட்கிய இலையும் கொஞ்சம் கந்தகத் தூளும் போட்டிருக்கிறோம். போன வாரம் வந்த ஒரு கொத்தின் ஓரத்தில் லேசாக நீலம் தெரிகிறது. அம்மா தினமும் காலையில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்.