நெரியீன் சிலந்திகள்: வலைக்கு ஒன்று, வம்புக்கு ஒன்று

விரிப்பு வலை பின்னும் லினிஃபிடே சிலந்திக் குடும்பத்தில் பாதிக்கு மேல் 2, 3 மில்லிமீட்டர் பொடிசுகள்தான். லென்ஸ் இல்லாமல் பார்க்க எதுவுமில்லை. நெரியீன் பேரினம் கொஞ்சம் பெரிய உடம்பு, பெரிய வலை. வெறும் கண்ணுக்கே வேடிக்கை காட்டும். ஆனால் அதிலும் எதைத் தேடிப் போவது என்பது உங்களுக்கு வேண்டியது வலையா, வம்பா என்பதைப் பொறுத்தது.

வலைதான் என்றால் ரேடியாட்டா என்ற நெரியீன் இனம். வட அமெரிக்கா, ஐரோப்பா, கிழக்கு ஆசியா எல்லாவற்றிலும் உண்டு. நிழலான காட்டில், புதர்களுக்கு நடுவே, கவிழ்த்த கிண்ணம் மாதிரி மெல்லிய வலை. உச்சிக்கு அடியில் சிலந்தி தலைகீழாகத் தொங்கும். மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய நூல்களில் பூச்சி இடறி விரிப்பில் விழும். சிலந்தி அடியிலிருந்தே கடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். வட்ட வலைச் சிலந்தியைப் போலப் பசையை நம்பிப் பிழைப்பதில்லை. படமெடுக்கப் பக்கவாட்டு வெளிச்சமும் இருண்ட பின்னணியும் போதும். தண்ணீர் தெளித்து எடுப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது.

வம்புதான் என்றால் லிடிஜியோசா, வட அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்காரி. இதுவும் குவிமாடம்தான் கட்டும். வலையழகில் ரேடியாட்டாவைவிட ஒரு படி கீழே என்பேன். ஆனால் நடத்தையில் இதை மிஞ்ச ஆளில்லை. இன்னும் இணை சேராத பெண்ணின் வலையில் ஆண்களை இழுக்கும் வாசனைப் பொருள் இருக்கிறது. அங்கே வந்து சேரும் ஆண் முதலில் செய்வது, வலையின் பெரும்பகுதியை அறுத்துச் சுருட்டிக் கட்டுவது! வாசனை பரவாவிட்டால் போட்டிக்கு வேறு ஆண் வருவது குறையும். ஆய்வாளர் பால் வாட்சன் இதை 1986-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார். அப்படியும் இன்னொருவன் வந்துவிட்டால் சண்டைதான். அப்புறம் கூடல், அதுவும் சட்டென முடிவதில்லை. விந்தை மாற்றுவதற்கு முன்பே மணிக்கணக்கில் ஒரு முன்கட்டம் நடக்கும். பொறுமை உள்ளவர்களுக்கு என் முதல் தேர்வு இதுதான்.

ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு மொன்டானா எளிது. மரப்பட்டை, வேலி என்று கண்ணெதிரிலேயே தட்டையான விரிப்பு போட்டிருக்கும், கால்களில் கருவளையங்கள். கிளாத்ராட்டா தரையை ஒட்டிய செடிகளுக்குள் வலை கட்டுவது. முழங்கால் போட்டுத் தேட மனமிருந்தால் மட்டும் போங்கள்.

எதைப் பார்த்தாலும் படத்தை மட்டும் வைத்து இனப்பெயரை அடித்துச் சொல்லாதீர்கள். சந்தேகம் வந்தால் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் தீர்க்கிறார்கள்.