உயரமானவர்கள் சிம்னி வாங்கும்போது: "ஏற்றி மாட்டிக்கொள்ளலாம்" என்ற பேச்சை நம்பாதீர்கள்

என் உயரம் ஆறடி இரண்டு அங்குலம். வீட்டில் பெரும்பாலும் சமைப்பவன் நான்தான். கோவையில் உள்ள ஒரு பெரிய வீட்டு உபயோகப் பொருள் கடையில் இதைச் சொல்லித்தான் சமையலறைச் சிம்னி கேட்டேன். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே தரவில்லை. சுவரிலிருந்து நேராக முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் மாடல் ஒன்றைக் காட்டிய விற்பனையாளர், "இழுக்கும் திறன் மணிக்கு 1,200 கன மீட்டர் சார், மூன்றடி ஏற்றி மாட்டினாலும் புகையை விடாது" என்று உறுதி கூறி, ஓடிக்கொண்டிருந்த சிம்னியின் ஃபில்டரில் ஒரு தாளை வைத்தார். தாள் விழாமல் ஒட்டிக்கொண்டது.

இந்தத் தாள் வித்தையிடம் கவனமாக இருங்கள். ஃபில்டரைத் தொட்டு நிற்கும் தாளைப் பிடித்துக்கொள்ளச் சிறிய மோட்டாரே போதும். வாணலியிலிருந்து எழும் சூடான புகையோ மேலே போகப் போக அகன்று, பக்கத்து ஜன்னல் காற்றுக்கும் மின்விசிறிக்கும் வளைந்துகொடுத்து, சிம்னியின் விளிம்பைத் தாண்டி வெளியேறிவிடும். போதாததற்கு, கடையில் ஓடிய இயந்திரத்துக்குப் புகையை வெளியே கொண்டுபோகும் குழாயே இணைக்கப்பட்டிருக்கவில்லை. அட்டையில் அச்சிடும் எண்ணும் பொதுவாகக் குழாயின் தடை சேராத எண்தான். வீட்டில் அது அப்படியே கிடைக்காது.

கணக்கைப் பாருங்கள். எங்கள் வீட்டில் கிரானைட் மேடை 34 அங்குலம், அதன்மேல் அடுப்பு 6 அங்குலம். சிம்னியுடன் வந்த கையேடு அடுப்புக்கும் சிம்னிக்கும் இடையே 26 முதல் 30 அங்குலம் வரை இடைவெளி இருக்க வேண்டும் என்கிறது. 26 என்றால் விளிம்பு என் மூக்குக்கு நேராக வரும், 30 என்றால் புருவத்துக்கு நேராக வரும். குழம்பைக் கிளற முன்னே குனிந்தால் எஃகு விளிம்பின் கூர்முனை நெற்றியில்தான் படும். ஆகவே கடைக்காரர் சொன்னபடி, அவர்கள் அனுப்பிய ஆட்களே 36 அங்குலத்தில் மாட்டினார்கள். தலை தப்பியது, ஆனால் காய்ந்த மிளகாய் தாளிக்கும் நெடி கூடம் வரை போய் எல்லாரையும் இரும வைத்தது. முன்பக்க அடுப்பில் எதை வைத்தாலும் புகை என் முகத்தைக் கடந்துதான் மேலே போயிற்று.

குழாய் வேலை அதைவிட மோசம். 6 அங்குலக் குழாய் வேண்டிய இயந்திரத்தை, சுவரில் ஏற்கெனவே இருந்த 4 அங்குலத் துளையில் கொண்டுபோய் முடித்திருந்தார்கள். விட்டம் இரண்டு அங்குலம்தானே குறைகிறது என்று தோன்றலாம்; காற்று போகும் வழியின் பரப்பு பாதிக்கும் கீழே போய்விடுகிறது. மடிப்பு மடிப்பான அலுமினியக் குழாயை இழுத்து நீட்டாமல், சுருங்கியபடியே மூன்று இடங்களில் வளைத்து விட்டிருந்தார்கள். ஒவ்வொரு வளைவும் இழுப்பைக் குறைத்து இரைச்சலைக் கூட்டும், மடிப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கும் தங்கும். "ஆட்டோ கிளீன் இருக்கிறதே" என்றார்கள். அந்த வசதி உள்ளே படிந்த எண்ணெயைச் சூட்டால் இளக்கிக் கிண்ணத்தில் சேர்ப்பதோடு சரி, குழாய்க்குள் எட்டிப் பார்ப்பதில்லை.

புகார் செய்தபோதுதான் உண்மையான பொறி தெரிந்தது. நிறுவனத்தின் சர்வீஸ் மெக்கானிக், கையேட்டின் அளவை மீறி மாட்டியிருப்பதால் பொறுப்பேற்க முடியாது என்று எழுதிக்கொடுத்தார். கடையோ, "வாடிக்கையாளர் கேட்ட உயரத்தில் பொருத்தப்பட்டது" என்ற வரியுள்ள வேலைச் சீட்டை நீட்டியது. கையெழுத்து வாங்கிய நேரத்தில் அந்த வரி அதில் இல்லை. என் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த படமே அதற்குச் சாட்சி. பொருத்தும் ஆட்கள் நீட்டும் எந்தச் சீட்டையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

உயரமானவர்களுக்கு ஏற்றது சாய்வான முகப்புள்ள மாடல். அதன் கீழ்விளிம்பு சுவரை ஒட்டியும் மேல்விளிம்பு முன்தள்ளியும் இருப்பதால், கையேட்டின் அளவிலேயே மாட்டினாலும் நெற்றிக்கு முன்னால் இடம் கிடைக்கும். அகலம் அடுப்புக்குக் குறையக் கூடாது. புதிதாகச் சமையலறை கட்டுபவர்களுக்கு இன்னும் நல்ல வழி உண்டு: மேடையையே 37, 38 அங்குலத்துக்கு உயர்த்தினால் சிம்னியும் அதே அளவுக்கு மேலே போகும், முதுகும் பிழைக்கும். (வீட்டில் குட்டையானவர்களும் சமைப்பதாக இருந்தால் அவர்களைக் கேட்காமல் இதைச் செய்யாதீர்கள்.) கடையில் எவ்வளவு உயரத்தில் மாட்டலாம் என்று சொன்னாலும், பணம் கட்டும் முன் கையேட்டைத் திறந்து காட்டச் சொல்லி, அந்த அளவைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் புகார் பதிந்த பிறகு, கடை இறங்கிவந்து 6 அங்குலத் துளை போட்டுக் குழாயை மாற்றித் தந்தது. இழுப்பு ஓரளவு கூடியிருக்கிறது, நெடி நிற்கவில்லை. சாய்வான மாடலாக மாற்றித் தர மறுப்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அதற்குக் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும்.