ஏவா ஸ்மித்துக்கு முகம் கிடைத்தபோது

ஜே.பி. பிரீஸ்ட்லியின் 'ஆன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்' நாடகத்தை பிபிசி 2015-ல் தொலைக்காட்சிப் படமாக ஒளிபரப்பியது. 1912-ல், ஏவா ஸ்மித் என்ற ஏழை இளம்பெண்ணின் தற்கொலையில் ஒவ்வொருவருக்கும் உள்ள பங்கை விசாரிக்க, வசதியான பிர்லிங் குடும்பத்தின் விருந்துக்கு நடுவே வந்து நிற்கும் இன்ஸ்பெக்டராக டேவிட் தியூலிஸ் நடித்திருக்கிறார். அவருடைய நிதானமே அச்சமூட்டுகிறது.

மூல நாடகத்தில் ஏவா ஸ்மித் மேடைக்கு வருவதே இல்லை. இன்ஸ்பெக்டர் அவளுடைய புகைப்படத்தை ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டுமே காட்டுவதால், எல்லோரும் பார்த்தது ஒரே பெண்ணைத்தானா என்ற ஐயம் பிற்பாடு எழுகிறது. மர்மத்தின் உயிர்நாடியே அதுதான். படத்தில் சோஃபி ரண்டில் ஏவாவாகவே வந்து, வேலை பறிபோகும்போதும் உதவி மறுக்கப்படும்போதும் நம் கண்முன் நிற்பதால், அந்த ஐயத்துக்கு இடமில்லாமல் போகிறது. நாடகத்தில் ஊறியவர்களுக்கு இது உறுத்தும், எனக்கும் உறுத்தியது. ஆயினும், திருமதி பிர்லிங்காக வரும் மிராண்டா ரிச்சர்ட்சன் துளியும் இரங்காமல் அவளைத் திருப்பியனுப்பும் காட்சிக்காக, அந்த இழப்பை மனமாரப் பொறுத்துக்கொள்ளலாம்.